போலி லைக்காவைப் பிடிப்பது எப்படி

தங்க நிறத்தில் மின்னும் ஒரு லைக்கா கேமரா. மேல்தகட்டில் கழுகுச் சின்னம், பக்கத்தில் ஒலிம்பிக் வளையங்கள், 'பெர்லின் 1936' என்று எழுத்து, உடம்பைச் சுற்றிப் பாம்புத்தோல் மாதிரி ஏதோ ஒன்று, விலையோ ஒரு நடுத்தர செல்போன் விலை. ஆன்லைன் ஏலத்தில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அது போலி. போலியாக இருக்கலாம் என்று இழுக்கவே வேண்டாம், போலியேதான். லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனம் அந்த ஒலிம்பிக்கிற்காகக் கழுகு பொறித்த தங்கக் கேமரா எதையும் விற்கவில்லை.

இது சுலபமான கேஸ். ஆனால் எல்லாப் போலியும் இப்படிப் பளபளவென்று வந்து நிற்காது. சாதாரண குரோமியப் பூச்சு, அளவான தேய்மானம், சரியான எழுத்து, ஒரு பழைய தோல் உறை என்று அடக்க ஒடுக்கமாகவும் வரும். பழைய கேமரா சேகரிக்கப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது மேலே இருக்கும் எழுத்தையும் நம்பரையும்தான். போலி செய்கிறவனுக்கும் அது நன்றாகத் தெரியும், அதனால் அவன் உழைப்பு முழுக்க அங்கேதான் போகும். உள்ளே இருக்கும் பாகங்களைப் புதிதாகக் கடைந்து மாற்றினால் அவனுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அவனுக்குக் கட்டுப்படியாகாத இடமாகப் பார்த்து நாம் தேட வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான்.

இந்தப் போலிகள் எங்கிருந்து வந்தன

ஜெர்மனியின் வெட்ஸ்லரில் லைட்ஸ் நிறுவனம் 1932-இல் லைக்கா 2 என்ற மாடலைக் கொண்டுவந்தது. தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரைக் கேமராவுக்குள்ளேயே வைத்து, லென்ஸைத் திருப்பும்போதே அதுவும் சேர்ந்து நகரும்படி செய்திருந்தார்கள். இரண்டே வருடத்தில், 1934-இல், சோவியத் யூனியனின் கார்க்கிவ் நகரில் அதன் நகல் வரிசையாக வெளிவரத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தது ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ஒரு கம்யூன். கல்வியாளர் அன்டன் மக்கரென்கோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அதே கம்யூன்தான். சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மண்டோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள், அவருடைய முதலெழுத்துகளே கேமராவின் பெயராகவும் ஆனது: ஃபெட். போருக்குப் பிறகு, 1948-இல், மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையும் இதே கேமராவை ஜோர்க்கி என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தது.

இரண்டும் லட்சக்கணக்கில் வந்தன. நேர்மையான, உழைக்கிற கேமராக்கள், அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உருவம் அச்சு அசல் லைக்கா 2, விலை அதில் ஒரு சின்னப் பங்கு. இந்த இடைவெளியில்தான் போலிக்காரன் பிழைக்கிறான். மேல்தகட்டில் இருக்கும் ரஷ்ய எழுத்தைச் சுரண்டி எடுத்து, 'லைக்கா' என்று பொறித்து, லென்ஸ் வளையத்தில் லைட்ஸ் லென்ஸின் பெயரான 'எல்மார்' என்று எழுதி, கூடக் காசு வேண்டுமென்றால் தங்க நிறமும் ராணுவ முத்திரையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சோவியத் யூனியன் உடைந்த காலத்தை ஒட்டி ஐரோப்பியச் சந்தைகளில் இவை பெருகின, இன்றும் குறைந்தபாடில்லை.

முதல் வேலை, லென்ஸைக் கழற்றுங்கள்

கேமரா கையில் கிடைத்ததும் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காதீர்கள். லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு, அந்த 39 மில்லிமீட்டர் வட்டத் துளைக்குள் மேல்பக்கம் பாருங்கள். உள்ளிருந்து ஒரு சின்னக் கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்விளிம்பு அந்தக் கையைத் தள்ளும், அது ரேஞ்ச்ஃபைண்டரை நகர்த்தும்.

லைக்காவில் அந்தக் கையின் நுனியில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். வட்டமான உருளை, விரல் நுனியால் மெல்லத் தொட்டால் சுற்றும். ஃபெட்டிலும் ஜோர்க்கியிலும் சக்கரம் கிடையாது, முனை சரிவாகச் சீவிய ஒரு கெட்டியான உலோக நாக்குதான் இருக்கும். அதை மாற்ற வேண்டும் என்றால் ஒரு புது பாகமே செய்ய வேண்டும், பிறகு ரேஞ்ச்ஃபைண்டரை அளந்து சரிசெய்ய வேண்டும். அலமாரியில் வைக்கப் போகிற ஒரு கழுகுக் கேமராவுக்கு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

இதில் ஒரு நுணுக்கம். சக்கரம் இல்லை என்றால் அது லைக்கா 2 இல்லை, அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சக்கரம் இருந்தால் அது லைக்காதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜப்பானில் கேனன், நிக்கா, லியோடாக்ஸ் என்று லைக்காவைப் பார்த்துச் செய்த வேறு கேமராக்களும் உண்டு, சக்கரம் அவற்றிலும் இருக்கும். இன்னொரு பக்கம், லைக்கா 1, லைக்கா ஸ்டாண்டர்ட் ஆகிய மாடல்களில் ரேஞ்ச்ஃபைண்டரே கிடையாது, ஆகவே அந்தக் கையையும் அங்கே தேட வேண்டாம்.

இந்த ஒரு சோதனையிலேயே சந்தையில் சுற்றும் போலி லைக்காக்களில் பெரும்பகுதி விழுந்துவிடும். விற்பவர் போட்ட படங்களில் லென்ஸைக் கழற்றிய படம் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். "லென்ஸ் இறுகிப் போயிருக்கிறது, கழற்ற வரவில்லை" என்று பதில் வந்தால், சரி, நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நிஜமாகவே இறுகிப்போன லென்ஸ்களும் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ரிஸ்க்கை நாம் ஏன் எடுக்க வேண்டும்.

எல்மாரா, இண்டஸ்டாரா

கழற்றிய லென்ஸ் கையில் இருக்கிறது இல்லையா, அதையும் விடாதீர்கள். லைக்கா 2-இல் வழக்கமாக வருவது எல்மார் 5 சென்டிமீட்டர் 3.5. சோவியத் கேமராக்களில் வருவது ஃபெட் லென்ஸ் அல்லது இண்டஸ்டார்-22, இரண்டுமே பார்வைக்கு எல்மார் மாதிரியே உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் குழாய் வகை. அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுத்தை மாற்றிவிட்டால் வெளியில் இருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. முன்பக்க வளையத்தில் இருக்கும் சின்ன முள்ளைத் தள்ளி அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முடிந்தவரை சின்னதாக்குங்கள். ஒரு டார்ச் லைட்டைச் சாய்வாகப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். எல்மாரில் அப்பர்ச்சரின் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு நேர் பின்னால் இருக்கும். உங்கள் கண்ணுக்கும் இதழுக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடி, இதழ்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரியும். சோவியத் லென்ஸ்கள் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்துடைய டெஸார் என்ற லென்ஸின் அமைப்பைப் பின்பற்றியவை, அவற்றில் இதழ்கள் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால் போய்விடும். டார்ச்சை மெல்ல ஆட்டினால், இதழ்களுக்கு முன்னால் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஒரு வெளிச்சப் புள்ளியைத் திருப்பிக் காட்டும். ஒரு கண்ணாடி என்றால் இரண்டு புள்ளி, இரண்டு கண்ணாடி என்றால் நான்கு. சில புள்ளிகள் மங்கலாக இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும். ஒருமுறை அசல் எல்மாரை இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு எண்ணவே வேண்டியதில்லை, ஆழத்தை வைத்தே சொல்லிவிடலாம். வளையத்தில் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், கண்ணாடிகளின் வரிசையை மாற்ற வேண்டுமானால் புது லென்ஸே செய்ய வேண்டும்.

அடுத்து அப்பர்ச்சர் எண்கள். போருக்கு முந்தைய எல்மாரில் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று பழைய ஐரோப்பிய வரிசை இருக்கும். இண்டஸ்டார்-22-இல் 3.5, 4, 5.6, 8, 11, 16 என்று இன்றைய வரிசை. '1936' என்று விற்கப்படும் லென்ஸில் 5.6, 8, 11 என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் ஃபெட்டின் பழைய லென்ஸிலும் அதே ஐரோப்பிய வரிசைதான், அதனால் எண்கள் சரியாக இருப்பதை மட்டும் வைத்து எல்மார் என்று நம்ப முடியாது. டார்ச் சோதனைதான் கடைசி வார்த்தை.

கண்ணாடியில் நீலமோ ஊதாவோ கலந்த மினுமினுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். போருக்கு முந்தைய எல்மார்கள் பூச்சு இல்லாமல் வந்தவை, பிரதிபலிப்பு வெள்ளையாக இருக்கும். பிற்பாடு யாராவது கொடுத்துப் பூச்சு போட்டிருக்கலாம், அப்படிப் பல லென்ஸ்கள் உண்டு, ஆகவே இது சந்தேகத்தைக் கிளப்புமே தவிரத் தீர்ப்பு சொல்லாது. பூச்சுப் போட்ட இண்டஸ்டார்களில் வாசல்நிலை மாதிரி இருக்கும் ஒரு ரஷ்ய எழுத்தைச் சிவப்பில் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் வளையம் சுரண்டப்பட்டுப் பள்ளமாகவோ, மற்ற இடத்தைவிடப் புதிதாகக் கறுப்படித்தோ இருந்தால் லென்ஸின் ஊர் எது என்று தெரிந்துவிடும்.

மேல்தகடும் நம்பரும்

இப்போது எழுத்துக்கு வருவோம். ஜன்னலோரம் உட்கார்ந்து, மேல்தகட்டை ஏறக்குறையப் படுக்கையாகப் பிடித்து வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி பாருங்கள். பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்த தகடு அந்த இடத்தில் மட்டும் லேசாகக் குழிந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்வு வெளிச்சத்தில் பிரதிபலிப்பு அங்கே வளையும். சில போலிகளில் பழைய ரஷ்ய எழுத்தின் சுவடுகூட மிச்சம் இருக்கும்.

அசலில் எழுத்து மெல்லியது, ஒரே ஆழம், ஓரங்கள் கூர்மை. 'லைக்கா' என்று சாய்ந்த கையெழுத்து வடிவத்தில், கீழே டி.ஆர்.பி. (ஜெர்மன் காப்புரிமைக் குறி), ஏர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லர் என்று வரும். போலியில் கோடு தடிமனாக இருக்கும், திருப்பங்களில் கறுப்புச் சாயம் பிதுங்கி நிற்கும், ஒரு எழுத்து ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருக்கும். கணினி வைத்துப் பொறிக்கும் இந்தக் காலத்தில் நல்ல பொறிப்பும் வரத்தான் செய்கிறது. அதனால்தான் இதைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

நம்பர் விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது. லைக்கா நம்பர் பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கிறது, எந்த நம்பர் எந்த வருடம், எந்த மாடல் என்று பார்த்துக்கொள்ளலாம். லைக்கா 2 தொடங்குவது 71,000-களில், 1932-இல். ஆக 1936 என்று சொல்லப்படும் கேமராவில் 71-இல் தொடங்கும் ஐந்திலக்க எண் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். போலிக்காரர்களில் பலர் இந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை, வாய்க்கு வந்த நம்பரைப் போடுகிறார்கள், அது போருக்குப் பிந்தைய வேறொரு மாடலின் நம்பராகக்கூட அமைந்துவிடுகிறது. கொஞ்சம் விவரமானவன் சரியான நம்பரைப் போடுவான். அதனால் நம்பர் சரியாக இருப்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை.

தலைகீழான ஒரு சிக்கலும் உண்டு, அவசரக்காரர்கள் இதில் நல்ல கேமராவைக் கைவிட்டுவிடுவார்கள். பட்டியலில் லைக்கா 1 என்று இருக்கும் நம்பர், கையில் இருப்பதோ ரேஞ்ச்ஃபைண்டரோடு லைக்கா 3 மாதிரி. உடனே போலி என்று தூக்கி எறியாதீர்கள். பழைய கேமராவைத் திருப்பி அனுப்பினால் லைட்ஸ் நிறுவனமே அதைப் புது மாடலாக மாற்றிக் கொடுத்த காலம் அது, நம்பரை அப்படியே விட்டுவிடுவார்கள். சக்கரமும் லென்ஸும் சரி, நம்பர் மட்டும் பழையது என்றால் அது பெரும்பாலும் இப்படி மாறிய அசல் கேமராதான், அதற்கும் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

மாடலின் லட்சணங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். லைக்கா 2-இல் வார் மாட்டும் காது கிடையாது. 1933-இல் வந்த லைக்கா 3-இல் காது உண்டு, முன்பக்கம் மெதுவான ஷட்டர் வேகங்களுக்கு ஒரு தனிக் குமிழும் உண்டு. முன்குமிழ் இல்லாத ஒன்றை 'லைக்கா 3' என்று விற்றால் விற்பவருக்கு விவரம் இல்லை, அல்லது நமக்கு இல்லை என்று நினைக்கிறார். மேல் குமிழில் லைக்கா 2-க்கு இசட் (பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்), 20, 30, 40, 60, 100, 200, 500 என்று வேகங்கள் இருக்கும். 25, 50, 100, 250 என்று இருந்தால் அது பிற்கால ஜோர்க்கியின் குமிழ்.

தங்க லைக்கா என்று ஒன்று நிஜமாகவே இருந்ததா என்று கேட்டால், இருந்தது. 1929 முதல் 1931 வரை லக்சஸ் என்ற பெயரில் தங்கமுலாம் பூசி, பல்லியினத் தோல் போர்த்தி நூறுக்கும் குறைவாகவே செய்தார்கள். அது லைக்கா 1-இன் உடம்பு. மேலே ரேஞ்ச்ஃபைண்டர் கூண்டு இருக்காது. முன்பக்கம் மூன்று ஜன்னல்களோடு தங்கத்தில் மின்னுவதை லக்சஸ் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

ராணுவ லைக்காவும் உண்மையில் உண்டு. அதுதான் போலிக்காரனுக்கு வசதி. அசலான ஜெர்மன் விமானப்படை லைக்காக்கள் என்று பேசப்படுபவை பெரும்பாலும் 1940-இல் வந்த 3சி மாடல். வார்ப்பு உலோக உடம்பு, பழைய மாடல்களைவிட 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீளம் கூட, சிலவற்றில் சாம்பல் வண்ணம், பின்பக்கமோ மேலேயோ அடக்கமான 'லுஃப்ட்வாஃபன் ஐகன்டும்' (விமானப்படைச் சொத்து) பொறிப்பு. குளிரில் ஷட்டர் தடுமாறாமல் இருக்க பால்பேரிங் போட்டவற்றில் நம்பருக்குப் பின்னால் கே என்ற எழுத்து வரும். இதற்கும் லைக்கா 2 உருவத்தில் ஜோர்க்கி மேல் பொறித்த பெரிய கழுகுக்கும் சம்பந்தமே இல்லை. ராணுவக் கிடங்கு கேமராவை அலங்கரிக்காது, எண் போட்டு வைக்கும்.

இன்னும் கஷ்டமான போலி: அசலை அபூர்வமாக்குவது

இதுவரை பேசியது லைக்கா அல்லாததை லைக்கா ஆக்கும் வேலை. பெரிய பணம் புரளும் இடத்தில் நடப்பது வேறு. அங்கே கேமரா அசல் லைக்காதான், ஆனால் சாதாரண லைக்கா. அதை அபூர்வ லைக்கா ஆக்குவார்கள். சக்கரம், டார்ச் எதுவும் இங்கே உதவாது.

விலை என்ன ஆகிறது என்று தெரிந்தால் ஏன் இவ்வளவு வித்தை என்பது புரியும். 1923-இல் சோதனைக்காகச் செய்த பூஜ்ய வரிசைக் கேமராக்களில் ஒன்று, நம்பர் 105, லைக்காவை உருவாக்கிய ஒஸ்கார் பார்னாக்கே பயன்படுத்தியது, 2022 ஜூனில் வெட்ஸ்லர் ஏலத்தில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. நாம் வாங்கும் உயரம் இல்லை, சரி. ஆனால் நாம் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்திலும் இதே கணக்கு ஓடுகிறது: 1954-இல் வந்த லைக்கா எம்3 குரோமியத்தில் ஏராளம், கறுப்பு பெயின்ட்டில் குறைவு, விலை பல மடங்கு. அப்புறம் என்ன, குரோமிய எம்3-ஐ வாங்கிக் கறுப்படித்துவிடலாம் அல்லவா?

இங்கேதான் நம்பர் உதவுகிறது, ஏனென்றால் கறுப்பு எம்3-கள் தொகுதி தொகுதியாகப் பதிவானவை. எடுத்துக்காட்டாக 959401 முதல் 959500 வரை ஒரு தொகுதி. உங்கள் நம்பர் எந்தக் கறுப்புத் தொகுதியிலும் விழவில்லை என்றால், அது தனியாகச் சொல்லிச் செய்த ஒன்று என்பதற்கு விற்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். வாய்ப்பேச்சு போதாது. லைக்காவின் பழைய டெலிவரிப் பதிவேடுகள் வெட்ஸ்லரில் இருக்கின்றன, அங்கே எழுதிக் கேட்டு அந்த நம்பர் என்ன நிறத்தில் எப்போது வெளியே போனது என்று விசாரிக்கலாம்.

நம்பரும் கறுப்புத் தொகுதி நம்பரையே பொறித்திருந்தால்? அப்போது பெயின்ட்டைப் படிக்க வேண்டும். அசல் கறுப்பு எம்3-இல் பெயின்ட்டுக்குக் கீழே பித்தளை. குரோமியத்தின் மேல் அடித்த பெயின்ட் தேய்ந்தால் நடுவில் ஒரு வெள்ளிக்கோடு எட்டிப்பார்க்கும். குரோமியத்தை முழுக்க எடுத்துவிட்டு அடித்தவனிடம் இது பலிக்காது, ஆனால் அவன் எழுத்துகளைக் காப்பாற்றத் திணறுவான். பொறிப்பின் ஓரங்கள் மழுங்கி, பெயின்ட் எழுத்தின் அடியில் தேங்கி நிற்கும்.

தேய்மானத்தையும் இப்போதெல்லாம் தயாரிக்கிறார்கள். உண்மையில் ஐம்பது அறுபது வருடம் கையில் இருந்த கேமரா எங்கே தேயும் என்று யோசித்துப் பாருங்கள். அடித்தகட்டின் ஓரங்கள், வார் வளையம் இடிக்கும் இடம், லீவருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் உரசும் வளைவு, தோல் உறைக்குள் போய்வரும்போது உரசும் முனைகள். அந்தத் தேய்மானத்தில் பெயின்ட் படிப்படியாக மெலிந்து பித்தளையில் கரையும், பித்தளையும் பழுப்பேறி இருக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்த்த இடத்தில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடும், பித்தளை புத்தம் புதிதாக மஞ்சளாக மின்னும், எழுத்துக்குள் அழுக்கே இருக்காது. கைபடவே வாய்ப்பில்லாத ஃப்ளாட்டான நடுப்பகுதி தேய்ந்து, கை படுகிற ஓரம் புதிதாக இருந்தால் அந்தக் கேமராவைப் பிடித்தது மனிதக் கை இல்லை.

லென்ஸ் மாட்டும் வளையத்தின் உச்சியில், கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், எம் வரிசைக் கேமராக்களில் ஒரு ஸ்க்ரூவை மூடி அரக்கு முத்திரை வைத்திருப்பார்கள். மேல்தகட்டைக் கழற்ற அதை உடைத்தாக வேண்டும். முத்திரை இல்லாததால் கேமரா போலி ஆகிவிடாது, ஒழுங்காக சர்வீஸ் செய்திருந்தாலும் அது போயிருக்கும். ஆனால் 'யாரும் தொடாத ஒரிஜினல் பெயின்ட்' என்று விலை சொல்லிவிட்டு முத்திரை இருந்த இடம் காலியாக இருந்தால், அந்தக் கதையை அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஸ்க்ரூத் தலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், காடி பிய்ந்திருந்தால் கை தெரியாதவன் திறந்திருக்கிறான்.

நிக்கான் எஃப்-இலும் இதே வித்தை உண்டு. 1959-இல் வந்த முதல் கேமராக்களின் நம்பர் 64-இல் தொடங்கும், அதற்கு விலை அதிகம். நம்பர் இருப்பதோ மேல்தகட்டில், தகட்டைக் கழற்றி வேறு உடம்பில் மாட்டிவிடலாம். மிக முந்தையவற்றில் ஷட்டர் திரை துணியால் ஆனது, பிறகுதான் டைட்டானியம் வந்தது. அபூர்வமான முதல் நம்பர்களில் ஒன்று என்று சொல்லி விற்றால், பின்மூடியைத் திறந்து திரை என்ன என்று பார்ப்பது உங்கள் உரிமை.

சோனார் என்ற பெயரில் வரும் ஜூப்பிட்டர்

லென்ஸ்களில் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்பது என் அபிப்பிராயம். கார்ல் ஜெய்ஸ் யெனாவின் சோனார் 5 சென்டிமீட்டர் 1.5, லைக்கா திருகு வளையத்தோடு. போர்க்காலத்தில் மிகக் குறைவாகவே வந்தது, அதனால் சேகரிப்பவர்களுக்கு நாக்கில் எச்சில். போர் முடிந்ததும் ஜெய்ஸின் வரைபடங்களும் இயந்திரங்களும் கண்ணாடியும் சோவியத்துக்குப் போயின. முதலில் கிராஸ்னகோர்ஸ்கில் ஜெர்மன் கண்ணாடியையே வைத்துச் செய்த லென்ஸ்கள், பிறகு ஜூப்பிட்டர்-3 என்ற பெயரில் தொடர்ந்தன. கண்ணாடி அமைப்பு சோனாரேதான். ஆக எல்மாருக்குச் செய்த டார்ச் சோதனை இங்கே செல்லாது.

இங்கே முன்வளையத்தைச் சந்தேகிக்க வேண்டும். பெயர் பொறித்த வளையம் லென்ஸில் திருகிக் கழற்றக்கூடிய ஒரு தனித் துண்டு, மாற்றுவதற்கு அதைவிடச் சுலபமான பாகம் கிடையாது. அந்தக் கால ஜெர்மன்காரர்கள் தசமத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், காற்புள்ளிதான்: 1:1,5 என்று. நீளத்தை 5 சென்டிமீட்டர் என்றே எழுதுவார்கள், 50 மில்லிமீட்டர் என்று எழுத மாட்டார்கள். வளையத்தில் 1.5 என்று புள்ளியோ, 50 மில்லிமீட்டர் என்றோ கண்டால் வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை. பிறகு உடல் பகுதியின் எண்களைப் பாருங்கள். அப்பர்ச்சர், தூரம் இவற்றின் எழுத்துருவும் முன்வளையத்தின் எழுத்துருவும் ஒரே கையால் வந்தவை போல இருக்கின்றனவா? ஜூப்பிட்டர்களின் நம்பரில் முதல் இரண்டு இலக்கம் பொதுவாக வருடம். அதை வெளியே சுரண்டினாலும், கண்ணாடிக் கூட்டைக் கழற்றினால் உள்ளே கையால் கீறிய நம்பர் பலமுறை அப்படியே மாட்டிக்கொள்ளும். நல்ல மெக்கானிக் ஒருவர் இரண்டு நிமிடத்தில் கழற்றிக் காட்டிவிடுவார்.

கான்டாக்ஸ் கேமராவுக்கும் இதே கதைதான். ஜெய்ஸ் ஐகானின் இயந்திரங்கள் கீவ் நகரின் அர்செனல் தொழிற்சாலைக்குப் போய், கான்டாக்ஸ் 2 கீவ் என்ற பெயரில் வந்தது. பெயரை மாற்றி விற்பவர்கள் உண்டு, ஆனால் லாபம் குறைவென்பதால் லைக்கா அளவுக்கு இல்லை.

வாங்குவதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் திருப்பி அனுப்புவது பெரும்பாடு, கஸ்டம்ஸில் கட்டிய காசும் எளிதில் திரும்பாது, ஆகவே எல்லாச் சண்டையையும் பணம் அனுப்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். லென்ஸைக் கழற்றி நேராக உள்ளே எடுத்த படம், சக்கரம் தெளிவாகத் தெரிய. அப்பர்ச்சரை முழுக்க மூடி முன்னாலிருந்து ஒரு படம். மேல்தகட்டுக்குச் சாய்வு வெளிச்சத்தில் ஒன்று. அடித்தகட்டைக் கழற்றி உட்புறம் ஒன்று. இந்த நான்கையும் நேர்மையான விற்பனையாளர் முகம் சுளிக்காமல் அனுப்புவார், பலர் கேட்காமலேயே போட்டிருப்பார்கள். மங்கலான மூன்று படத்தையும் தாத்தாவின் கதையையும் அனுப்புபவரிடம் விலை பேசக்கூட உட்காராதீர்கள். எண்பது வருடம் சென்னையில் பரண்மேல் கிடந்தது என்கிறார், லென்ஸில் ஒரு பூஞ்சைக் கீற்றுகூட இல்லை என்றால் அந்தக் கதையை நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

'லைக்கா வகை', 'லைக்கா ஸ்டைல்', 'லைக்கா நகல்' என்று தலைப்பில் சின்னதாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பிற்பாடு நீங்கள் புகார் கொடுத்தால் அந்த ஒரு வார்த்தையைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்வார்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, கழற்றிப் பார்த்தால் சக்கரம் இல்லை, என்ன செய்வது? மறுபடி லைக்கா என்று விற்காதீர்கள், அது மோசடி. ஷட்டர் ஓடுகிறது என்றால் உள்ளே இருப்பது ஒரு ஜோர்க்கி, படம் எடுக்கும். இரண்டு விஷயம் மட்டும் கவனம்: ஃபிலிமைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், சுற்றுவதற்கு முன் குமிழ் காட்டும் எண் சரியாக இருக்காது. அப்புறம் ஃபிலிமின் நாக்கைக் கத்தரிக்கோலால் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒல்லியாக வெட்டிவிட்டு, அடித்தகட்டு வழியாக நுழையுங்கள். கடையில் வருகிற சின்ன நாக்கோடு அப்படியே தள்ளினால் ஓரம் கிழிந்து, துணுக்கு ஷட்டருக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.